லூபஸின் கடுமையும் சிறுநீர்ப் பட்டையும்

"முகத்துச் சிவப்பு மறைஞ்சிருச்சு, மூட்டுவலியும் இல்லைங்க. அப்புறம் எதுக்கு மாசாமாசம் யூரின் டெஸ்ட்?" என்று தாராபுரம் பக்கமிருந்து லூபஸ் உள்ள ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குவதுதான் லூபஸ். தோல் சிவந்தால் தெரியும், மூட்டு அழன்றால் வலிக்கும். சிறுநீரக வடிகட்டி அழன்றாலோ வலியே இருக்காது. புரதம் மட்டும் ஒழுகும். வாதநோய் நிபுணரைப் பார்க்கக் கோவை போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும் ஊர்களில், அந்த ஒழுக்கை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டிக்கொடுப்பது சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் சிறுநீர்ப் பட்டையின் மஞ்சள் கட்டம்.

அந்தக் கட்டத்தில் டெட்ராபுரோமோபீனால் புளூ என்ற சாயமும், அமிலத்தை பிஎச் 3-இல் (பிஎச் என்பது அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) பிடித்துவைக்கும் சிட்ரேட் உப்பும் உண்டு. அந்த அமிலத்தில் சாயம் மஞ்சள். அமிலம் குறைந்தால்தான் நீலமாக வேண்டும். ஆனால் வடிகட்டியில் ஒழுகும் முக்கியப் புரதமான அல்புமின் வந்ததும் சாயத்தின் நீல வடிவத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. சாயம் தன் ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடுகிறது. அமிலம் இம்மியும் மாறவில்லை, கட்டம் மட்டும் பச்சையாகிறது! நிறங்காட்டி ஏமாறுவதையே சோதனையாக்கியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். பெரிய கருவிகளுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சம், இந்தப் பட்டைகள் தீராமல் இருப்பதற்கும் போகலாம்.

தவறுகளும் இதே வழியில்தான் வருகின்றன. சிறுநீரின் பிஎச் 8-ஐத் தாண்டினால் சிட்ரேட் தோற்று, புரதமில்லாமலே பச்சை காட்டும். பட்டையை ஊறவிட்டால் சிட்ரேட் கரைந்து அதே கதை. நனைத்ததும் எடுத்து, ஓரத்தை வழித்துவிட்டு, டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தில், பெரும்பாலும் 60 நொடியில், பார்க்க வேண்டும். டப்பா மூடி திறந்தே கிடந்தால் ஈரம் பட்டுக் கெடும். இன்னொன்று, பட்டைக்குத் தெரிவது செறிவு மட்டுமே. நூற்பாலை வெக்கையில் வேலை பார்த்தவருக்குக் கூட்டிக் காட்டும், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தவருக்குக் குறைத்துக் காட்டும். ஆகவே காலையின் முதல் சிறுநீர்தான் சரி. பட்டையின் நிற அளவில் 1+ என்பது டெசிலிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம். அது மறுபடியும் வந்தால் சிறுநீரில் புரதம்–கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) விகிதம் பார்க்க வேண்டும், 0.5-ஐத் தொட்டால் பயாப்ஸி (சிறுநீரகத்தில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) பற்றி நிபுணரிடம் பேச வேண்டிய கட்டம். இரத்த அழுத்தத்தையும் இரத்தக் கிரியேட்டினினையும் கூடவே பார்த்துவிடலாம்.

மொத்தக் கடுமைக்கு ஸ்லெடாய் என்ற மதிப்பெண் முறை உண்டு: லூபஸால் வந்த வலிப்புக்கு 8, சிறுநீர்ப் புரதத்துக்கு 4, தோல் தடிப்புக்கு 2. ஆனால் இரத்தம் உறைய உதவும் தட்டணு 1 லட்சத்துக்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் மதிப்பெண் 1 தான்; 90,000-க்கும் 10,000-க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கூட்டுத்தொகையை மட்டும் நம்பி ஆளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வலிப்பு, மூச்சுத்திணறல், இரத்தக்கசிவோடு தட்டணுக் குறைவு, ஏறும் கிரியேட்டினின் என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். காய்ச்சலோடு, அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்த அளவும் எகிறியிருந்தால், ஸ்டீராய்டைக் கூட்டுமுன் தொற்று இருக்கிறதா என்று தேட வேண்டும்.