மாமூல்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நடைபாதையில் நைட்டி விற்கும் அக்காவிடம், "லஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கிறதா?" என்று கேட்டேன். "லஞ்சமா? அதெல்லாம் இல்லப்பா. மாமூல்தான்" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இதை வெறும் சால்ஜாப்பு என்று தள்ள முடியாது. லஞ்சம் ஒரு காரியத்துக்கு: பட்டா மாற வேண்டும், கொடுத்தால் முடிந்தது. மாமூல் வாராவாரம், மாதாமாதம். பதிலுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. தொந்தரவு செய்யாமல் விட்டுவைப்பார்கள், அவ்வளவுதான்.

சொல் அரபியில் பிறந்தது. 'அமல்' என்றால் செயல், 'மாமூல்' என்றால் செய்யப்பட்டது. பாரசீகமும் உருதும் அதற்கு 'வழக்கமாக நடப்பது' என்ற பொருளைத் தந்தன. சட்டத்தை 'அமல்படுத்துகிறோம்' என்கிறோமே, அந்த அமலும் இந்த மாமூலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். (அரபு நாடுகளில் பேரீச்சை வைத்துச் சுடும் ஒரு பலகாரத்துக்கும் மாமூல் என்றே பெயர். அதைத் தின்றால் குற்றமில்லை.)

தமிழிலும் இந்தச் சொல்லுக்கு ஆதியில் கெட்ட பெயர் கிடையாது. கிரயப் பத்திரங்களில் 'மாமூல் தடம்' என்று வருவது, காலங்காலமாக நடந்துவரும் பாதையைத்தான். அப்புறம் வழக்கமாகக் கொடுக்கும் பணமும் மாமூல் ஆனது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற நம் மரியாதையும் அதற்குத் துணைபோனது என்பேன். ஆனால் காசிமேட்டுக் கல்யாணத்தில் மொய் வைத்தால் நோட்டில் பெயர் ஏறும், நாளைக்கு நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். மாமூலுக்கு நோட்டும் இல்லை, திரும்புவதும் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? வழக்கம் என்ற பொருளுக்கு 'வழக்கமான', 'இயல்பான' போதும். பணத்துக்குக் கையூட்டு, கைக்கூலி என்பார்கள். இரண்டும் லஞ்சத்துக்குப் பொருந்தும், ஆனால் மாதாமாதம் என்ற வாடை அவற்றில் இல்லை. 'வாடிக்கைக் கையூட்டு' என்று சொல்லிப் பார்க்கிறேன்; நீளம்தான், பொருள் தப்பாது.

சட்டத்துக்கு இந்த வேறுபாடெல்லாம் இல்லை. 1988 ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். வாராவாரம் கொடுப்பவர் எந்த 7 நாளைக் கணக்கில் வைப்பார்?

தெருவோர வியாபாரிகளுக்கென 2014இல் தனிச் சட்டமே வந்தது. விற்பனைச் சான்றிதழின் நிபந்தனைப்படி விற்பவரைப் போலீஸோ வேறு அதிகாரியோ தடுக்கக் கூடாது என்கிறது அது. "உங்களிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா அக்கா?" என்றேன். நைட்டி அடுக்கைத் தூக்கி, அடியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை எடுத்துக் காட்டினார். நான் பார்த்ததும் திரும்ப வாங்கி, அதே இடத்தில் வைத்துக்கொண்டார்.