தீக்குழிக்கு முன் ஒரு நைலோன் இழை

"நெருப்புச் சுடவே இல்லை டொக்டர். அம்மாள் காப்பாற்றிவிட்டாள்."

துணியை அவிழ்த்தபடியே ஐயா சொன்னார். தீ மிதித்து மூன்று நாள் ஆகியிருந்தது. வலது பெருவிரல் இடுக்கில் தணல் ஒட்டிக்கிடந்த இடம் கறுத்துப் புண்ணாகியிருந்தது. அவருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு). சுடவில்லை என்றது பொய்யல்ல. அந்தப் பாதம் உணர்வை இழந்து நாளாகிவிட்டது.

நான் சிரித்துவிட்டேன். "அம்மாள் இல்லை ஐயா, நரம்பு செத்துவிட்டது" என்றேன். அதன்பின் அவர் மருந்து கட்டக்கூட வரவில்லை. சில வாரம் கழித்து மகள் கூட்டிவந்தபோது இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. என் விளக்கத்தில் பிழையில்லை. அது அவருடைய விரல்களுக்கு உதவவில்லை, அவ்வளவுதான்.

கிழக்கிலங்கையின் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாள் சடங்கை அப்பாவின் தோளிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். தீ மிதிப்பவர்களின் பாதம் ஏன் வெந்துபோவதில்லை என்பதைப் பிறகுதான் படித்தேன். கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். சாம்பல் அதை மேலும் தடுக்கும். ஒவ்வோர் அடியும் தணலில் படுவது ஒரு வினாடிக்கும் குறைவு. அதே சூட்டில் இரும்புத் தகடு என்றால் எந்தப் பக்தராலும் கால் வைக்க முடியாது. குடா பக்ஸ் என்ற காஷ்மீரியரை வைத்து 1935 இல் இங்கிலாந்தில் நடத்திய சோதனைகளும் இதைத்தான் காட்டின. இவ்வளவும் தெரிந்த பிறகும் உடுக்கும் பறையும் கேட்டால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஒருவர் ஏன் விரதமிருந்து அந்தக் குழியின் விளிம்பில் வந்து நிற்கிறார் என்று கரியைக் கேட்டுப் பயனில்லை. அவருடைய பாதத்தில் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று விரதத்தைக் கேட்டும் பயனில்லை.

காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலானந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. துறவியான பிறகும் பழந்தமிழ் யாழ்களின் சுருதியைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தார். இரண்டும் ஒத்துப்போகாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

நோன்பு காலத்திலும் இதே சிக்கல்தான். மருதமுனை மூத்தவர் ஒருவர், விரலில் குத்தினால் நோன்பு முறியும் என்று பகலில் சீனி பார்க்காமலே இருந்தார். முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் பரவலான கருத்து. சீனி அளவு (mg/dL) 70 இற்குக் கீழே இறங்கினாலோ 300 இற்கு மேல் ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும். நோயாளி வேறு நாளில் நோற்கலாம் என்று குர்ஆனே சொல்கிறது. நான் சொல்லிக் கேட்காதவர் மௌலவி சொன்னதும் கேட்டார். எனக்கு அதில் மனக்குறை இல்லை.

இப்போதெல்லாம் சடங்கு தொடங்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்: "இந்த வருடம் நேர்த்தி இருக்கிறதா?" இருந்தால், செருப்பைக் கழற்றச் சொல்கிறேன். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழை ஒன்று மேசையில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, அது பாதத்தில் பட்டதும் "ஓம்" (ஆமாம்) சொல்ல வேண்டும். போன வருடம் ஓர் அம்மா பேசாமல் இருந்தார். நான்கு இடத்தில் தொட்டு முடித்துவிட்டேன். கண்ணைத் திறந்து, "இன்னும் தொடங்கவில்லையா டொக்டர்?" என்றார்.

உணர்வில்லாத கால் தணலை உதறாது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. தீக்காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசையோ மஞ்சளோ பூச வேண்டாம். வலிக்கவில்லை என்றால்தான் இன்னும் அவசரமாக வர வேண்டும்.

அந்த அம்மாவிடம் தீ மிதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூசாரியாரிடம் கேட்டு வரச் சொன்னேன். பாற்குடம் எடுத்தால் போதும் என்று அவர் சொல்லிவிட்டாராம். வெறுங்காலில் உச்சி வெயில் தார் வீதியும் தணல்தான் என்பதால், விடியற்காலையில் எடுக்கச் சொன்னேன்.

அடுத்த கிழமை பூசாரியாரே வந்தார். அவருக்கும் சீனி வருத்தமாம். கதிரையில் இருந்து, செருப்பைக் கழற்றி, நான் கேட்கும் முன்பே கண்ணை மூடிக்கொண்டார். நான்கில் மூன்று இடத்தில் "ஓம்" சொன்னார்.