பிரிஸ்கெட் ஏன் மதியத்துக்குள் தீர்ந்துபோகிறது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் குடும்பமாக நடத்தும் பார்பிக்யூ கடைகள், அதாவது விறகுப் புகையில் இறைச்சியை மெல்ல வேகவைத்து விற்கும் கடைகள், நிறைய உண்டு. அவற்றில் பலவற்றுக்கு மூடும் நேரம் என்று ஒன்று உறுதியாகக் கிடையாது. இறைச்சி தீர்ந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். லெக்சிங்டனில் 2003-இல் தொடங்கிய ஸ்னோஸ் பார்பிக்யூ சனிக்கிழமை மட்டும்தான் திறக்கும், அதுவும் காலை 8 மணிக்கு. சாவகாசமாக மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவர் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். இவ்வளவு கூட்டம் வருகிறதே, இன்னும் நாலு துண்டை அடுப்பில் போட்டால் என்ன என்று தோன்றும். போடலாம்தான். ஆனால் அது இன்று ராத்திரிக்கு முன்னால் வேகாது.

இந்தக் கடைகளின் உயிர்நாடி பிரிஸ்கெட், அதாவது மாட்டின் முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கும் நெஞ்சுக்கறி. மாட்டுக்குக் காறை எலும்பு இல்லை. உடல் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில் இறங்குகிறது. அதைத் தாங்குவதில் இந்த நெஞ்சுத் தசைகளுக்கும் பங்கு உண்டு. ஆயுள் முழுக்க உழைத்த தசை என்பதால் அதில் கொலாஜன் என்ற புரதம் மண்டிக் கிடக்கும். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்ற அமைப்பு அதற்கு. பச்சையாகக் கடித்தாலும் சரி, அவசரமாக வறுத்தாலும் சரி, பல்லுக்குத்தான் வேலை.

சூடு ஏறும்போது நடப்பது கொஞ்சம் விசித்திரம். இறைச்சியின் உட்பகுதி 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கொலாஜன் சுருங்கி, தசைக்குள் இருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. இந்தக் கட்டத்தில் வெட்டினால் முன்பைவிடக் கெட்டியாக இருக்கும். 70-ஐத் தாண்டிய பிறகுதான் அந்த முறுக்கு வேகமாக அவிழ்ந்து, கொலாஜன் ஜெலட்டினாக மாறத் தொடங்குகிறது. ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கட்டிதட்டிப் போகிறதே, அதற்குக் காரணமும் இதே ஜெலட்டின்தான். உள்ளே 90 முதல் 95 டிகிரி வரை போய், குத்திய கம்பி தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். இழந்த சாற்றின் இடத்தை ஜெலட்டினும் உருகிய கொழுப்பும் நிரப்புவதால்தான் வாயில் ஈரமாகத் தெரிகிறது.

தீயைக் கூட்டி இதை முடுக்க முடியாதா? வெப்பம் இறைச்சிக்குள் மிக மெதுவாகவே நகரும். தடிமன் இரண்டு மடங்கானால் உள்ளே சூடு போய்ச் சேரும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஐந்தாறு கிலோ துண்டுக்குப் பெருந்தீ வைத்தால், நடுப்பகுதி இளகுவதற்குள் வெளிப்பக்கம் கரியாகிவிடும். அதனால்தான் புகையடுப்பை 110 முதல் 135 டிகிரி வரை வைத்துக்கொண்டு 12 மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்கிறார்கள்.

அந்தக் காத்திருப்பிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. உட்புற வெப்பநிலை ஒழுங்காக ஏறி வந்து, 65, 70 டிகிரி வாக்கில் அப்படியே நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி, சில சமயம் அதற்கும் மேல் வெப்பமானியின் முள் அசையாது. புதியவர்கள் பதறிப்போய் விறகை அள்ளிப் போடுவது இங்கேதான். கொலாஜன் உடையவும் கொழுப்பு உருகவும் வெப்பம் செலவாகிறது என்றுதான் வெகுகாலம் காரணம் சொன்னார்கள். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். வெறும் கொழுப்புக் கட்டி ஒன்றையும், தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சு ஒன்றையும் சூடாக்கினார். கொழுப்பின் வெப்பநிலை நிற்காமல் ஏறியது. கொலாஜனோ கொழுப்போ துளிகூட இல்லாத ஸ்பாஞ்சு, பிரிஸ்கெட்டைப் போலவே பாதியில் நின்றது. எனக்குத் தெரிந்து சமையல் அறிவியலில் இவ்வளவு எளிமையான, அழகான சோதனைகள் குறைவு.

ஆக, காரணம் நீராவி. இறைச்சியின் மேற்பரப்பில் கசியும் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிராம் தண்ணீரை 0-விலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஆகும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல், அதே ஒரு கிராமை ஆவியாக்கத் தேவை. அடுப்பு கொடுப்பதும் ஆவி பறிப்பதும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. மேற்பரப்பு காய்ந்த பிறகே மீண்டும் ஏறும். சுற்றிக் கட்டினால் ஆவி தப்பாது, முட்டுக்கட்டை சீக்கிரம் விலகும். அலுமினியத் தாள் வேலையை வேகமாக முடிக்கும், ஆனால் உள்ளே புழுங்கி, மேல் படிந்த கறுத்த மொறுமொறுப்பு நமுத்துவிடும். கறிக்கடைக் காகிதம் கொஞ்சம் ஆவியை வெளியே விடுவதால் நிறையப் பேர் அதையே சுற்றுகிறார்கள்.

புகைக்கு வருவோம். இந்தப் பகுதியில் போஸ்ட் ஓக் மரம்தான் விறகு. விறகுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சிதையும்போது குவாயகால், சிரிங்கால் போன்ற சேர்மங்கள் உருவாகின்றன. நாம் புகைமணம் என்பது பெரும்பாலும் இவற்றைத்தான். காற்று தாராளமாகக் கிடைத்தால் புகை மெல்லிசாக, நீலம் பாய்ந்து வரும். காற்று போதாமல் திணறும் தீயிலிருந்து கெட்டியான வெள்ளைப் புகை வந்து கறியைக் கசக்க வைக்கும். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள பரப்பில்தான் புகை நன்றாகப் படியும் என்பதால் முதல் சில மணி நேரம் முக்கியம். இரவெல்லாம் ஆள் உட்கார்ந்து தீயைக் கவனிப்பது இதற்காகத்தான். லாக்ஹார்ட்டில் 1900 முதல் இருந்துவரும் கிரூஸ் மார்க்கெட், குடும்பத்துக்குள் பிணக்கு வந்து 1999-இல் இடம் மாறியபோது, பழைய அடுப்பின் தணலைத் தொட்டியில் போட்டு இழுத்துப்போய்ப் புது அடுப்பை மூட்டினார்கள். வேதியியலுக்குப் பழைய தணலும் புதுத் தணலும் ஒன்றுதான். அது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

வெட்டிய துண்டின் விளிம்பில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. எரியும் விறகிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு, கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து நிறத்தைப் பூட்டிவிடுகிறது, அவ்வளவுதான். அதற்குச் சுவை இல்லை. நைட்ரைட் கலந்த உப்பைத் தடவினால் புகையே படாமலும் அந்த நிறம் வரும்.

இப்போது கடைக்காரர் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். கொழுப்பைச் சீவி, வேகவைத்து எடுப்பதற்குள் வாங்கிய எடையில் ஏறக்குறைய பாதி போய்விடும். நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமலே எத்தனை துண்டு என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டும். வெந்ததை 60 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் சூடாக வைத்திருக்கலாம், கெடாது; மறுநாளைக்கு வைத்தால் அந்தச் சுவை இருக்காது. பெரிய உணவகம் மிஞ்சினால் தாங்கும். குடும்பக் கடைக்கு மிஞ்சுவதைவிடத் தீர்ந்துபோவதே மேல்.

வரிசையில் உங்கள் முறை வரும்போது கொழுப்புள்ளதா, கொழுப்பில்லாததா என்று கேட்பார்கள். பிரிஸ்கெட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தசைகள். மேல் தசையில் கொழுப்பு ஊடுருவியிருக்கும், கீழ்த் தசை ஒல்லி. எடை போட்டுக் காகிதத்தில் வைத்துத் தருவார்கள். ஒல்லித் துண்டு ஒன்றை விரல்மேல் தொங்கவிட்டுப் பாருங்கள். முறியாமல் வளைந்து, லேசாக இழுத்தால் பிய்ந்தால் பதம் சரி. தொங்கவிட்டதுமே உதிர்ந்தால் கூடுதலாக வெந்துவிட்டது. ரப்பர் போல இழுபட்டால் கொலாஜன் இன்னும் பாக்கி இருக்கிறது. அந்தக் கடையில் யாரோ சீக்கிரமே அடுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.