பயாஸ் மாற்றினால் கார்டு மாறிவிடாது

டிஸ்பிளே வரவில்லை என்று பட்டறைக்கு வரும் கிராபிக்ஸ் கார்டுகள் எல்லாமே செத்துப்போனவை இல்லை. ஃபேன் சுற்றும், ஷார்ட் எதுவும் இருக்காது, சிப்புக்கும் மெமரிக்கும் வர வேண்டிய வோல்டேஜ் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். அப்படி ஒரு கார்டு மேசைக்கு வந்தால் சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: "பயாஸ் ஏதாவது அடிச்சீங்களா?" பயாஸ் என்பது கார்டில் இருக்கும் ஒரு சின்ன சிப்பில் எழுதியிருக்கும் அடிப்படை மென்பொருள், அடிப்பது என்றால் அதை மாற்றி எழுதுவது. சிலர் உடனே ஒப்புக்கொள்வார்கள். சிலர், "இல்லண்ணா, நான் ஒண்ணுமே பண்ணல, வாங்கும்போதே இப்படித்தான்" என்பார்கள். செகண்ட் ஹேண்ட் கார்டாக இருந்தால் அதுவும் உண்மையாக இருக்க வாய்ப்புண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

பயாஸ் மாற்றும் ஆசை எங்கிருந்து வருகிறது? கடையில் ஒரே சிப் போட்ட கார்டு நாலைந்து விலையில் இருக்கும். சாதாரணம், ஓசி (ஓவர்கிளாக், அதாவது வேகம் கூட்டியது), கேமிங், கேமிங் எக்ஸ் என்று பெயர்கள் நீளும், விலையும் கூடவே ஏறும். பெட்டியில் போட்டிருக்கும் வித்தியாசம் கிளாக், அதாவது சிப் ஓடும் வேகம் மட்டும்தான். அப்படியென்றால் விலை குறைந்ததை வாங்கி, விலை கூடினதன் பயாஸைப் போட்டுக்கொண்டால் போதாதா என்று யாருக்கும் தோன்றும்.

ஆர்டிஎக்ஸ் 3060-ஐ எடுத்துக்கொள்வோம். என்விடியா சொல்லும் பூஸ்ட் கிளாக் 1777 மெகாஹெர்ட்ஸ், பவர் 170 வாட். கம்பெனிகள் ஓசி என்று விற்கும் கார்டுகளில் இது 1800-க்குக் கொஞ்சம் மேலே போகும். கணக்குப் போட்டால் இரண்டு, மூன்று சதவீதம். அதுவும் காகிதத்தில்தான், ஏனென்றால் இன்றைய கார்டுகள் பெட்டியில் எழுதிய கிளாக்கில் நிற்பதே இல்லை. சூடு குறைவாக இருந்தால், பவர் லிமிட்டில் (கார்டு இழுக்கக்கூடிய மின்சார உச்சவரம்பில்) இடம் இருந்தால், தானாகவே இன்னும் மேலே ஏறி ஓடும். விலை குறைந்த 3060-கூட விளையாட்டில் 1777-ஐத் தாண்டிப் போவதை நீங்களே பார்க்கலாம். ஃப்ரேம் எண்ணிக்கையைத் திரையில் காட்டாமல் விட்டால் எது ஓசி கார்டு என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் எதற்குக் கூடுதல் விலை? பெரிய ஹீட்சிங்க், நல்ல ஃபேன், போர்டில் சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் கூடுதல் பவர் ஸ்டேஜ், சில மாடல்களில் கூடுதலாக ஒரு பவர் கனெக்டர், அந்த வன்பொருள் தாங்கும் அளவுக்கு உயர்த்திய பவர் லிமிட். கடைசியாகச் சொன்ன ஒன்றுதான் பயாஸில் இருக்கிறது. மற்றதெல்லாம் போர்டில் இருக்கிறது, அதை எந்த ஃபைலும் கொண்டுவந்து தராது. என்னைக் கேட்டால் ஓசி மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு சத்தம் குறைவதற்கும் சூடு குறைவதற்கும்தான். அது வேண்டும் என்றால் தாராளமாகக் கொடுங்கள், கிளாக்குக்காகக் கொடுக்காதீர்கள்.

பயாஸ் என்றதும் கிளாக்கும் பவர் லிமிட்டும் மட்டும் ஞாபகத்துக்கு வருவதுதான் சிக்கல். அந்தச் சின்ன சிப்புக்குள் அந்த போர்டைப் பற்றிய எல்லாமே எழுதியிருக்கிறது. எந்த வோல்டேஜ் கன்ட்ரோலர் இருக்கிறது, அதனிடம் எப்படிப் பேச வேண்டும், எத்தனை ஃபேன், எந்தச் சூட்டில் எந்த வேகம், பின்பக்கம் எத்தனை எச்டிஎம்ஐ, எத்தனை டிஸ்பிளேபோர்ட், எந்த வரிசையில், சாம்சங் மெமரி என்றால் என்ன டைமிங், ஹைனிக்ஸ் என்றால் என்ன, மைக்ரான் என்றால் என்ன, ஒவ்வொரு பவர் கனெக்டரிலும் எவ்வளவு இழுக்கலாம், இவ்வளவும் அதில் உண்டு. அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டையை மாட்டிக்கொள்வது போலத்தான், சில நேரம் பொருந்திவிடும். பொருந்தாதபோது என்ன ஆகும் என்றால், ஒரு டிஸ்பிளேபோர்ட் மட்டும் வேலை செய்யாது, அல்லது ஃபேன் நிற்காமல் முழு வேகத்தில் கத்தும், அல்லது அதைவிட மோசமாகச் சுற்றவே சுற்றாது. மெமரி கம்பெனி ஒத்துப்போகவில்லை என்றால் டெஸ்க்டாப் வந்துவிடும், விளையாட்டைத் திறந்ததும் திரையெங்கும் கட்டம் கட்டமாகப் புள்ளிகள்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. 2010 டிசம்பரில் வந்த ஏஎம்டியின் ரேடியான் எச்டி 6950-இல் 1408 ஷேடர்கள் (படத்துக்கான கணக்கைப் போடும் சின்ன யூனிட்கள்) வைத்து விற்றார்கள், ஆரம்ப கால கார்டுகள் பலவற்றில் பயாஸ் மாற்றினால் 6970-இன் முழு 1536-உம் திறந்துகொண்டது. 2013-இல் ஆர்9 290 சிலவற்றில் 290எக்ஸ் ஆகும் வாய்ப்பு இருந்தது. 2016-இல் ஆர்எக்ஸ் 480 வந்தபோது 4 ஜிபி என்று விற்ற முதல் தொகுதி கார்டுகளில் சிலவற்றின் மேல் உண்மையில் 8 ஜிபி மெமரி சிப்கள் இருந்தன, பயாஸ்தான் பாதியை மறைத்திருந்தது. 199 டாலர் கார்டு ஒரே இரவில் 239 டாலர் கார்டாக மாறியது. யாருக்குத்தான் ஆசை வராது! ஆனால் அங்கெல்லாம் கூடுதல் சரக்கு ஏற்கெனவே கார்டுக்குள் இருந்தது, பூட்டு மட்டும் மென்பொருளில் இருந்தது. பிறகு வந்த கார்டுகளில் அந்தப் பூட்டு சிப்புக்குள்ளேயே போய்விட்டது. வெட்டிய ஷேடர் வெட்டியதுதான்.

ஆர்எக்ஸ் 5700 அதற்கு நல்ல உதாரணம். 2019 ஜூலையில் 5700-உம் 5700 எக்ஸ்டியும் ஒன்றாக வந்தன. ஒன்றில் 2304 ஷேடர், 180 வாட், மற்றதில் 2560 ஷேடர், 225 வாட். எக்ஸ்டி பயாஸை 5700-இல் போட்டால் ஷேடர் 2304-ஆகவேதான் இருக்கும். மாறுவது கிளாக் உச்சவரம்பும் பவர் லிமிட்டும். 5700-ஐ டிரைவர் 1850 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விடாது, எக்ஸ்டி பயாஸ் போட்டால் அந்த வரம்பு தளர்ந்துவிடும். அதனால் வேகம் நிஜமாகவே கூடியது, பல விளையாட்டுகளில் எக்ஸ்டிக்குப் பக்கத்தில் வந்தது. இந்த உண்மையை நான் மறைக்கவில்லை. ஒரே கம்பெனியின் 5700-உம் எக்ஸ்டியும் ஒரே போர்டு, ஒரே ஹீட்சிங்க்கில் வந்திருந்தால் பெரிய ஆபத்தும் இல்லை. ஆனால் ஒற்றை புளோயர் ஃபேன் வைத்த கார்டில் 45 வாட் கூடுதலாக ஏற்றினால் அது எங்கே போகும்? சத்தமாகவும் சூடாகவும் வெளியே வரும், நம்ம ஊர் மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில். இத்தனைக்கும் அதே பலனை பயாஸைத் தொடாமலே அடைய வழி இருந்தது. மோர்பவர்டூல் என்ற சின்ன மென்பொருள் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பவர் அட்டவணையை எழுதிவைக்கும், டிரைவர் அதைப் படித்துக்கொள்ளும். பிடிக்கவில்லையா, அழித்துவிட்டால் கார்டு பழையபடி. 7000 வரிசையில் அது பெரும்பாலும் எடுபடாது, ஆனால் 5000, 6000 கார்டு வைத்திருப்பவர் பயாஸ் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பேன்.

இன்னொரு கதை ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டி. இங்கே பயாஸை மாற்றச் சொன்னது கம்பெனியேதான். 2020 ஜனவரியில் கார்டு விற்பனைக்கு வரும் சமயத்தில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 2060 விலையைக் குறைத்துவிட, ஏஎம்டி கடைசி நேரத்தில் புது பயாஸ் கொடுத்தது. பவரும் கிளாக்கும் உயர்ந்தன, மெமரி 12 ஜிபிபிஎஸ்ஸிலிருந்து 14-க்குப் போனது. ஆனால் பெட்டிகள் ஏற்கெனவே கப்பலேறிவிட்டன. ஒரே மாடல் எண், ஒரே பெட்டி, உள்ளே பழைய பயாஸா புதுசா என்று கார்டை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை. எல்லா போர்டும் 14-க்கு ஏற்றபடி வடிவமைத்ததும் இல்லை, அதனால் சில மாடல்களில் மெமரி 12-லேயே நின்றுவிட்டது. அப்படி நின்ற கார்டில் பக்கத்து மாடலின் 14 பயாஸைப் போட்டுவிட்டு, "விளையாட்டு பாதியில் க்ராஷ் ஆகுது, டிரைவர் பிரச்சினை" என்று மாதக்கணக்கில் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டவர்கள் உண்டு. கார்டைச் செய்தவனே 14 வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கிறான் என்றால் காரணம் இருக்கும்.

என்விடியா பக்கம் கட்டுப்பாடு அதிகம். பயாஸுக்கு டிஜிட்டல் கையெழுத்து உண்டு, நீங்களே எண்களைத் திருத்தி எழுத முடியாது. அடுத்த கம்பெனியின் அசல் பயாஸைத்தான் போட முடியும். 2018-இல் வந்த டூரிங் (ஆர்டிஎக்ஸ் 20 வரிசை) கார்டுகளில் ஒருபடி மேலே போய், ஓசி செய்யத் தகுந்த சிப்பை 'ஏ' என்றும் மற்றதைச் சாதாரணம் என்றும் பிரித்து, இரண்டுக்கும் வேறு வேறு டிவைஸ் ஐடி கொடுத்தார்கள். 2080 டிஐ என்ற ஒரே பெயரில் இரண்டு வகை. சாதாரண வகையில் 'ஏ' வகை பயாஸை, பயாஸ் எழுதும் கருவியான என்விஃபிளாஷ் ஏற்காது. இந்தத் தடைகளைத் தாண்டும் கருவிகள் பின்னால் வந்தன, அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இங்கே நான் அதிகம் பயப்படுவது பவர் கனெக்டர் விஷயத்துக்கு. ஒரு 8 பின் கனெக்டருக்கு 150 வாட், ஸ்லாட்டுக்கு 75 வாட் என்பது கணக்கு. மூன்று கனெக்டர் கார்டின் பயாஸை இரண்டு கனெக்டர் கார்டில் போட்டால், இல்லாத மூன்றாவது கனெக்டரையும் பயாஸ் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். போர்டில் மின்சாரத்தை அளக்கும் ஷன்ட் ரெசிஸ்டரின் மதிப்பு வேறாக இருந்தாலும் இதே கூத்துதான். திரையில் காட்டும் வாட் ஒன்று, நிஜத்தில் இழுப்பது வேறொன்று. சிலருக்கு வேகம் குறைந்தே போனது, அவர்கள் அதிர்ஷ்டசாலிகள். மற்றவர்களுக்கு கனெக்டர் கருகி நாறிய பிறகுதான் தெரியும்.

சரி, இப்போது செகண்ட் ஹேண்ட். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்கான மைனிங் நின்றதும் மைனிங் கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன, சென்னை ரிச்சி தெரு தொடங்கி ஆன்லைன் குழுக்கள் வரை. ஆர்எக்ஸ் 470, 480, 570, 580 என்றால் பயாஸ் திருத்தியிருக்க வாய்ப்பு அதிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெமரி டைமிங்கை இறுக்கி, கோர் கிளாக்கைக் குறைத்து வைப்பார்கள். மைனிங்குக்கு அது சரி. விளையாட்டுக்கு வந்தால், ஒன்று கார்டு மந்தமாக ஓடும், அல்லது டிரைவர் ஏறாமல் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் நிற்கும். அசல் பயாஸைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும் கார்டை, சிப் போய்விட்டது என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

வாங்கும் முன் ஜிபியு-இசட் என்ற, கார்டின் விவரங்களைக் காட்டும் மென்பொருளைத் திறந்து பாருங்கள், ஒரு நிமிட வேலை. ஆர்எக்ஸ் 580 என்றால் ஷேடர் 2304 இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் அது சீனச் சந்தைக்காக 2018-இல் வந்த 2048எஸ்பி வகை, உள்ளே இருப்பது 570. அல்லது யாரோ 570-இல் பெயரை மாற்றி எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் 580 விலை கொடுக்கக் கூடாது. பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ மாதிரி கார்டுகளில் 1050 டிஐ என்று பயாஸ் எழுதி விற்ற மோசடியும் நடந்தது, 2018-இலிருந்து ஜிபியு-இசட் அப்படிப்பட்ட கார்டுகளைப் போலி என்றே காட்டுகிறது. விற்பவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் நம்பாதீர்கள், உங்கள் கண் முன்னால் ஓடட்டும்.

எல்லா பயாஸ் மாற்றமும் தப்பு என்று சொல்லவில்லை. 2021 மார்ச்சுக்கு முன் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 30 கார்டுகளுக்கு (3060 தவிர) ரீசைசபிள் பார், அதாவது புராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே சமயத்தில் அணுகும் வசதி வேண்டுமானால் பயாஸ் புதுப்பித்தே ஆக வேண்டும். கார்டு கம்பெனி உங்கள் மாடலுக்கென்று தரும் கருவியில் அது பாதுகாப்பான வேலை. அங்கேயும் கரண்ட் போனால் கதை முடிந்தது, யுபிஎஸ் இல்லாமல் உட்காராதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்துதான் பார்ப்பேன் என்பவர்கள், முதலில் இருக்கிற பயாஸைச் சேமித்து, அந்த ஃபைலை வேறொரு பென் டிரைவிலோ போனிலோ வையுங்கள். கார்டு போனபின் அதே கணினியின் டிஸ்பிளே இல்லாத டெஸ்க்டாப்பில் ஃபைல் இருந்து என்ன பயன்? கார்டின் பக்கவாட்டில் இரட்டை பயாஸ் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் ஒரு பக்கத்தை எப்போதும் தொடவே தொடாதீர்கள். மதர்போர்டில் டிஸ்பிளே வரும் புராசசர் இருந்தால் மீட்பது எளிது. ஃபிளாஷ் கருவி ஐடி ஒத்துவரவில்லை என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஃபோர்ஸ் கட்டளை கொடுத்துவிட்டு வருபவர்களின் கார்டுதான் என் மேசையில் வரிசையில் நிற்கிறது.

அப்படியும் கறுப்புத் திரை வந்துவிட்டால் முதலில் சுவிட்சை மாற்றுங்கள், அது இல்லை என்றால் வேறு டிஸ்பிளேயில் கணினியை இயக்கிப் பழைய பயாஸைத் திரும்ப எழுதப் பாருங்கள். கார்டே தெரியவில்லை என்றால்தான் பயாஸ் சிப்பில் கிளிப் மாட்டி, புரோகிராமர் என்ற கருவியால் நேரடியாக எழுதுவது. இதில் ஒரு முக்கியமான விஷயம்: சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிஎச்341ஏ புரோகிராமர் 3.3 வோல்ட் கொடுக்கும், புதிய கார்டுகள் பலவற்றில் பயாஸ் சிப் 1.8 வோல்ட். சிப்பின் மேல் இருக்கும் எண்ணைப் படித்து, தேவை என்றால் 1.8 அடாப்டர் போடாமல் கிளிப்பை மாட்டினால், எழுதுவதற்கு முன்பே சிப் போய்விடலாம்.

பட்டறைக்குக் கொண்டுவருவதாக இருந்தால் மூன்று விஷயம் கையில் இருக்கட்டும்: கார்டின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் பார்ட் நம்பர், சேமித்த அசல் பயாஸ் ஃபைல், கடைசியாக என்ன ஃபைல் எழுதினீர்கள் என்ற விவரம். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறைக்கிறார்கள். சொல்லிவிட்டால் பெரும்பாலும் அரை மணி நேர வேலை. சொல்லாவிட்டால் போர்டு முழுக்க வோல்டேஜ் அளந்து, மெமரி சோதித்து, ஹீட்சிங்க் கழற்றி, கடைசியில் அதே இடத்துக்குத்தான் வருவேன், அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் பில் வரும்.