கலை நிகழ்ச்சிக்குத் தரும் ஆதரவும் வருமான வரிக் கழிவும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பொங்கல் கலைவிழாவோ உறுமி மேளப் போட்டியோ நடத்த முனையும் குழுவினர் கடை கடையாக ஏறி இறங்குவதும், முதலாளிகள் முகத்துக்காக உறையில் ஐம்பதோ நூறோ ரிங்கிட் வைத்துக் கொடுப்பதும் நாம் அறிந்ததே. பெரும்பாலும் அதற்கு ரசீது இருப்பதில்லை. இதனால் இரு தரப்பும் இழக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில், கலைக்கு ஆதரவளிக்கும் வணிகர்களுக்கென்றே 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது.

அச்சட்டத்தின் 34(6)(கே) பிரிவின்படி, கலை, பண்பாடு, மரபு சார்ந்த நடவடிக்கைக்கு ஒரு வணிகம் ஆதரவாகச் செலவிடும் தொகையை அதன் வணிக வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆண்டொன்றுக்கு உச்சவரம்பு 10 லட்சம் ரிங்கிட். அதற்குள் வெளிநாட்டுக் கலை நிகழ்ச்சிகளுக்கான பங்கு 3 லட்சத்தைத் தாண்டக்கூடாது. கலைத்துறைக்குப் பொறுப்பான அமைச்சரின் ஒப்புதல் அந்நடவடிக்கைக்கு இருக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. ஆகவே அழைப்பிதழ் அச்சிடுவதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருப்பது நல்லது.

கழிக்கப்படுவது வருமானம், வரி அன்று. 24 விழுக்காடு வரி கட்டும் ஒரு நிறுவனம் 10,000 ரிங்கிட் கொடுத்தால் அதன் வரி 2,400 ரிங்கிட் குறையும். 15 விழுக்காட்டு விகிதத்தில் இருக்கும் சிறு நிறுவனத்திற்கு 1,500 ரிங்கிட் குறையும். மீதி அவர்கள் கைப்பணம்தான் என்பதை மறைக்காமல் சொல்லிக் கேட்பதே முறை. அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனங்களுக்குத் தரும் நன்கொடை 44(6) பிரிவில் வருவது, அதன் கணக்கு வேறு; இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கேட்கும் குழுவிடமும் பத்திரங்கள் இருக்க வேண்டும். 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்கீழ் சங்கப் பதிவிலாகாவில் பதிவுசெய்ய ஏழு உறுப்பினர்கள் போதும். பதிவானபின் சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு திறக்கலாம். தலைவரின் சொந்தக் கணக்கில் காசு போடச் சொன்னால் எந்தக் கணக்காய்வாளர்தான் ஒப்புவார்? அடுத்து வரவுசெலவுத் திட்டம். 'மேடைச் செலவு 6,000' என்று ஒரே வரியில் எழுதாமல், பந்தல், ஒலிபெருக்கி, உறுமிக்குத் தோல் மாற்றுதல், தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றி வரும் பேருந்து வாடகை என்று தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கடைக்காரரின் விலைப்பட்டியலை இணைக்க வேண்டும். தமிழகத்திலிருந்து கலைஞரை வரவழைத்து மேடையேற்றுவதாக இருந்தால் வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளுக்கான விண்ணப்பங்களைக் கவனிக்கும் அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதியும் தேவைப்படும்.

இத்தனையையும் பொறுப்பேற்றுச் செய்பவரே கலை நிர்வாகி. நம் ஊர்களில் இதை மாலையில் ஓய்வு கிடைத்த ஆசிரியரோ கோயில் செயலாளரோ ஊதியமின்றிச் செய்துவருகிறார்கள். ஆனால் இது படித்துச் செய்யும் தொழில். கோலாலம்பூரில் 1994-இல் தொடங்கப்பட்ட அஸ்வாரா கலைக்கழகத்தில் கலைப் பண்பாட்டு நிர்வாகம் கற்பிக்கப்படுகிறது. 2017-இல் அமைக்கப்பட்ட பண்பாட்டுப் பொருளாதார மேம்பாட்டு அமைப்பான செண்டானா, கலைஞர்களுக்கு மானியம் வழங்கிவருகிறது. மானிய விண்ணப்பத்திலும் இதே பதிவுச் சான்றிதழ், இதே வரவுசெலவுத் திட்டம், முந்தைய நிகழ்ச்சியின் படங்களும் கணக்கறிக்கையுமே கைகொடுக்கும். எனவே ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வை முடித்த பிள்ளை ஒருவர் இத்துறையை நினைத்தால், முதலில் தம் ஊர்க் குழுவின் கடந்த ஆண்டு ரசீதுகளைத் திரட்டி ஒரு கோப்பில் அடுக்கத் தொடங்கலாம்.