ஐசிடி கருவி பொருத்தியவர்கள் பிரிட்டனில் எப்போது மீண்டும் கார் ஓட்டலாம்?

இதயத்தின் கீழறைகளில் மின்தூண்டல் தடம் மாறி, துடிப்பு நிமிடத்துக்கு 150, 200 என்று ஓடத் தொடங்குவதை மருத்துவர்கள் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா என்கிறார்கள். அந்த வேகத்தில் கீழறைகள் ரத்தத்தால் நிரம்பவே நேரம் இருக்காது. ரத்த அழுத்தம் சரிந்து சில நொடிகளில் நினைவு தப்பலாம், உடனே கவனிக்காவிட்டால் இதயம் நின்றும் போகலாம். அதனால்தான் காலர் எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், ஐசிடி என்ற சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். அது துடிப்பை இடைவிடாமல் கண்காணித்து, எல்லை மீறும்போது முதலில் மெல்லிய மின்தூண்டல்களால் அடக்கப் பார்க்கும்; அடங்காவிட்டால் ஷாக் கொடுக்கும். உயிரைக் காக்கும் அந்த ஷாக்கே ஸ்டியரிங் பிடித்திருக்கும் கையைத் தடுமாற வைத்துவிடும் என்பதால் விதி கடுமையாக இருக்கிறது, அது நியாயமே.

ஐசிடி பொருத்தியதை ஓட்டுநர் உரிம முகமையான டிவிஎல்ஏவுக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் வழக்கும் வரலாம்.

நினைவிழக்கச் செய்த துடிப்புக் கோளாறுக்காகக் கருவி பொருத்தப்பட்டிருந்தால், 6 மாதம் காரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டக் கூடாது. இதுவரை அப்படி எதுவும் நேராமல், முன்னெச்சரிக்கையாக மட்டும் பொருத்தியவருக்கு 1 மாதம் போதும். பின்னாளில் கருவி ஷாக் கொடுத்தால், அன்றிலிருந்து மீண்டும் 6 மாதம். ஷாக்கின்போது நினைவும் தப்பியிருந்தால் அது 2 ஆண்டு வரை நீளலாம். ஆனால் காரணம் கண்டறியப்பட்டு, மருந்தாலோ, கோளாறைத் தூண்டும் இதயத் திசுவைச் செயலிழக்கச் செய்யும் அப்லேஷன் சிகிச்சையாலோ கட்டுக்குள் வந்திருந்தால் குறையவும் வாய்ப்புண்டு என்பதால், இதய மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பேட்டரிப் பெட்டியை மட்டும் மாற்றினால் 1 வாரம், கருவியை இதயத்தோடு இணைக்கும் கம்பியை மாற்றினால் 1 மாதம் ஓட்டக் கூடாது.

லாரி, பஸ் ஓட்டுவோருக்கு நிலைமை வேறு: ஐசிடி பொருத்தியவருக்கு அந்த உரிமம் நிரந்தரமாகக் கிடையாது. லண்டனில் டாக்சி, மினிகேப் (முன்பதிவு செய்து அழைக்கும் வாடகைக் கார்) ஓட்டுவோருக்கும் இதே மருத்துவத் தரம்தான் பொருந்தும். இந்தத் தொழிலை நம்பிக் குடும்பம் நடத்துவோருக்கு இது பேரிடி. கருவி பொருத்துவதற்கு முன்பே மருத்துவமனையில் அவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

பலர் தவறவிடும் சலுகை ஒன்று உண்டு. கார் உரிமத்தைத் தாமாகவே ஒப்படைத்தவர், தடைக்காலம் முடிந்து, ஓட்டலாம் என்று மருத்துவரும் சொன்னபின் மறுபடி விண்ணப்பித்தால், பரிசீலனை முடியும் முன்பே பெரும்பாலும் ஓட்டத் தொடங்கலாம். டிவிஎல்ஏ தானே உரிமத்தை ரத்து செய்யும்வரை காத்திருந்தவர், புது உரிமம் கைக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.