இ-காமர்ஸ் முதுகலையில் சேரும் முன் பாடப்பட்டியலைத் திறந்து பாருங்கள்

இந்த வாரமும் ஒரு நேர்காணல். வந்தவர் இ-காமர்ஸில் முதுகலை முடித்தவர், நல்ல மதிப்பெண். எல்லோரிடமும் கேட்கும் கணக்கையே அவரிடமும் கேட்டேன்: 100க்கு விற்கும் பொருளுக்குக் கொள்முதல் 60, டெலிவரி 12, விளம்பரம் 15, பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) 2, பத்து ஆர்டரில் மூன்று திரும்பி வந்தால் லாபமா, நஷ்டமா? பதில் வரவில்லை. இப்படி எத்தனை பேரைத்தான் திருப்பி அனுப்புவது?

எதுவும் திரும்பாவிட்டால் பத்து ஆர்டருக்கு 110 மிச்சம். மூன்று திரும்பினால், அவற்றை எடுத்துவர அதே 12தான் ஆகிறது, பொருளும் சேதமில்லாமல் மறுபடி விற்கிறது என்று வைத்தாலும், அந்த மூன்றுக்கும் போட்ட டெலிவரி, விளம்பரம், கேட்வே செலவு திரும்பாது என்பதால் 46 நஷ்டம். உடைந்து வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

சிக்கல் எங்கே என்றால், இந்தப் படிப்பை வெப்சைட் கட்டும் படிப்பு என்று நினைத்துச் சேர்கிறார்கள். தயவுசெய்து இந்த நினைப்பை விடுங்கள். ஆன்லைன் கடை திறக்க இன்று ரெடிமேட் தளங்கள் இருக்கின்றன, ஒரு வார இறுதி போதும், அதற்கு முதுகலைப் பட்டம் எதற்கு? விளம்பரம் போடுவதும் அப்படித்தான், வேலையில் இருந்துகொண்டே கற்றுக்கொள்ளலாம். முதுகலையில் படிக்க வேண்டியது விலை நிர்ணயம், சரக்கிருப்பு, ரிட்டர்ன்ஸ், சார்ஜ்பேக் (வாடிக்கையாளர் புகார் செய்ததும் வங்கி விற்றவரிடமிருந்து பணத்தைத் திரும்ப எடுப்பது), எல்லை தாண்டிய வரி, ஒப்பந்தச் சட்டம், தரவுப் பாதுகாப்பு. மின்வணிகத்துக்கான மாதிரிச் சட்டத்தை ஐநாவின் சர்வதேச வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரால் 1996லேயே கொண்டுவந்துவிட்டது. அந்தப் பெயரையே கேட்டிராத பட்டதாரிகளைப் பார்க்கிறேன்.

இன்னொன்று, இ-காமர்ஸ் என்றாலே செல்போனில் சட்டை வாங்குவதுதான் என்ற எண்ணம். ஐநாவின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பான அங்க்டாட்டின் மதிப்பீட்டின்படி 2018ல் உலக மின்வணிகத்தில் சுமார் 83 சதவீதம் நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே நடந்தது. கொள்முதல், சப்ளை செயின் பக்கம் ஆள் தேடும் நிறுவனங்கள் இருக்க, எல்லோரும் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வாசலிலேயே வரிசையில் நிற்கிறார்கள்.

2001ல் திவாலான வெப்வேன் என்ற அமெரிக்க ஆன்லைன் மளிகை நிறுவனம் பல வகுப்புகளில் பாடமாக வருகிறது. ஆர்டர் சேருவதற்கு முன்பே பெரும் செலவில் தானியங்கிக் கிடங்குகளைக் கட்டிக்கொண்டே போனார்கள். அதைப் படித்துவிட்டு வந்தவர்கூட 'வெப்சைட் இன்னும் நன்றாக இருந்திருக்கலாம்' என்கிறார், என்ன சொல்ல!

சரி, சேரப்போகிறவர்கள் கவனியுங்கள். படிப்பின் பெயரையும் முகப்புப் படங்களையும் நம்பாதீர்கள், பாடப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். நிதிக் கணக்கு, ஆப்பரேஷன்ஸ், சட்டம் மூன்றும் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா என்று பாருங்கள். மூன்றும் விருப்பப் பாடம் என்றால் அங்கே போகாதீர்கள். இறுதி ப்ராஜெக்ட் உண்மையான நிறுவனத்தின் தரவில் நடக்குமா என்று விசாரியுங்கள். முடித்தவர்கள் எந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்பதோடு நிற்காமல், அங்கே என்ன வேலை செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் சொல்வதை வைத்து மட்டும் பணம் கட்டவே கட்டாதீர்கள்.

சொந்தமாகக் கடை வைப்பதுதான் ஆசை என்றால், அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சரக்கில் போட்டுச் சின்னதாக விற்றுப் பாருங்கள். வேலைதான் வேண்டும் என்றால், முடிந்தவரை சேரும் முன்பே சில மாதம் ஒரு ஆன்லைன் விற்பனை நிறுவனத்தின் ரிட்டர்ன்ஸ் பிரிவில் வேலை பாருங்கள். கடன் வாங்கிப் படிக்கப் போகிறவர்களிடம் இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.